பத்து மார்க் வாடகையில் ஒரு ராக்கெட் நிலையம்

ராக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு இரண்டு காட்சிகள் மனத்தில் எழும். ஒன்று ஸ்ரீஹரிகோட்டா. மற்றொன்று தீபாவளிக்குக் காலி பாட்டிலில் சொருகிக் கொளுத்தும் சிவகாசி ராக்கெட். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தின் முதல் சில மைல்களை நடந்து பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் எந்த அரசாங்கத்திலும் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். அவர்கள் ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள். சந்தா, செயற்குழு, பத்திரிகை, வரவு செலவு, கோஷ்டிப் பூசல் என்று நம்முடைய சங்கத்தில் என்னவெல்லாம் உண்டோ அவை எல்லாமே அங்கும் இருந்தன.

ஜெர்மனியில் 1927 முதல் 1934 வரை இயங்கிய அந்த 'விண்கலப் பயணச் சங்க'த்தின் வரலாற்றை இந்த மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் பட்டறையில் காலம் தள்ளியவன். அதனால் யார் தலைவர், யார் செயலாளர் என்பதைவிட, கையில் காசில்லாமல் எப்படிச் செய்தார்கள், எது வெடித்தது, ஏன் வெடித்தது என்பதில்தான் என் கவனம் போகிறது. அதே காசில்லாமைதான் கடைசியில் அந்தச் சங்கத்தை முடித்தும் வைத்தது.

புத்தகத்தில் பிறந்த சங்கம்

1923-இல் ஹெர்மன் ஓபெர்த் என்பவர் ராக்கெட்டில் கிரகங்களுக்குப் போவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முக்கால்வாசி கணக்கும் சமன்பாடும்தான். சாதாரண வாசகனுக்குப் புரியாத அந்த விஷயத்தை எளிய நடையில் எழுதிப் பரப்பியவர் மாக்ஸ் வாலியர். ஆர்வம் பற்றிக்கொண்டது. 1927 ஜூலை 5-ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரத்து மதுவிடுதி ஒன்றில் சிலர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அந்த நகரம் இப்போது போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. யொஹான்னஸ் விங்க்லர் தலைவர். 'ராக்கெட்' என்று பொருள்படும் பெயரிலேயே ஒரு மாத இதழும் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில் உறுப்பினர் எண்ணிக்கை 800-ஐத் தாண்டிவிட்டது.

இதழ் கையைக் கடித்தது. 1929 முடிவில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. இதழ் வராமல் போனதும் சந்தா கட்டுகிறவர்களும் குறைந்தார்கள். மலர் போட்டு அனுபவப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே 1929-இல் எதிர்பாராத இடத்திலிருந்து பணம் வந்தது. ஃபிரிட்ஸ் லாங் என்ற புகழ்பெற்ற இயக்குநர் சந்திரப் பயணத்தைப் பற்றி ஒரு திரைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆலோசகராக ஓபெர்த்தை அழைத்தார்கள். படம் வெளியாகும் நாளில் விளம்பரத்துக்காக நிஜ ராக்கெட் ஒன்றை விட வேண்டும் என்பது ஏற்பாடு. ஓபெர்த் பெரிய கணித மேதை. ஸ்பானர் பிடித்துப் பழகியவர் அல்லர். ஒரு சோதனை வெடித்து அவருக்குக் காயமும் ஏற்பட்டது. அக்டோபர் 15-இல் படம் வெளியானது. ராக்கெட் தயாராகவில்லை. ஆனால் அந்த முயற்சியில் மிஞ்சிய சாமான்களும், உதவிக்குச் சேர்ந்த ருடால்ஃப் நெபெல் என்ற முன்னாள் போர் விமானியும் சங்கத்துக்குக் கிடைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, இரண்டுமே பெரிய சொத்துத்தான்.

கந்தல் துணியில் பற்றவைத்த எஞ்சின்

அதுவரை ராக்கெட் என்றால் வெடிமருந்துதான். ஓப்பல் நிறுவனம் 1928-இல் பெர்லினில் ஓட்டிக்காட்டிய ராக்கெட் காரும் வெடிமருந்துக் குழாய்களைப் பின்னால் அடுக்கிக் கட்டியதே. வெடிமருந்தைக் கொளுத்திவிட்டால் பிறகு கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வழி இல்லை. எடைக்கு எடை பார்த்தால் அதன் வலுவும் குறைவு. பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்தால் வலு அதிகம், வால்வைத் திருகிக் கட்டுப்படுத்தவும் முடியும் என்று ஓபெர்த் கணக்குப் போட்டிருந்தார். அமெரிக்காவில் ராபர்ட் கொடார்ட் 1926 மார்ச் 16-இல் அப்படி ஒரு ராக்கெட்டைப் பறக்கவிட்டும் காட்டிவிட்டார். ஆனால் அவர் தனிமை விரும்பி. செய்முறை நுணுக்கங்களை வெளியே சொல்லவில்லை. ஜெர்மன்காரர்கள் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1930 ஜூலை 23-இல் ஓபெர்த்தின் கூம்பு வடிவ எஞ்சினை பெர்லினில் அரசு வேதியியல் ஆய்வு நிலையத்தின் அதிகாரிகள் முன்னிலையில் இயக்கினார்கள். 90 விநாடி எரிந்தது. உந்துவிசை சுமார் 7 கிலோ. ஒரு சாதாரண அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கும் விசைதான். ஆனால் முத்திரை போட்ட சான்றிதழ் கிடைத்தது. ஊர் ஊராக நன்கொடை கேட்கப் போகிறவர்களுக்கு அது பெரிய பலம். உதவியாளர்களில் ஒருவர் 18 வயது மாணவர். பெயர் வெர்னர் ஃபான் பிரவுன். எப்படிப் பற்றவைத்தார்கள் என்று அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கிளாவுஸ் ரீடல் என்ற இளைஞர் பெட்ரோலில் நனைத்த கந்தலைக் கொளுத்தி, பெட்ரோலைத் துப்பிக்கொண்டிருக்கும் எஞ்சின் மேல் வீசிவிட்டு ஓடி மறைவாராம். அதற்குப் பிறகு ஓபெர்த் வால்வைத் திறப்பாராம். இந்தச் சோதனை நடந்த பதின்மூன்றாம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அதற்கு நீல் ஆம்ஸ்ட்ராங் என்று பெயர் வைத்தார்கள்.

இவை விளையாட்டுக் காரியங்கள் அல்ல. சோதனைக்கு இரண்டு மாதம் முன்னால், மே 17-ஆம் தேதி, சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான மாக்ஸ் வாலியர் திரவ எரிபொருள் எஞ்சின் வெடித்து இறந்துபோயிருந்தார்.

வாடகை பத்து மார்க்

ஓபெர்த் தம் ஆசிரியர் வேலைக்காக ருமேனியாவுக்குத் திரும்பிவிட்டார். மிஞ்சியவர்கள் இளைஞர்கள்: ரீடலுக்கு 23 வயது, எழுத்தாளர் வில்லி லேக்கு 24. நெபெல் மட்டுமே மூத்தவர். பெர்லினின் வடக்கே ரைனிக்கன்டார்ஃப் பகுதியில் கைவிடப்பட்ட ராணுவ வெடிமருந்துக் கிடங்கு ஒன்று கிடந்தது. கனத்த சுவர்கள், சுற்றிலும் மண் கரைகள். வெடித்தாலும் பக்கத்து ஆளுக்கு ஆபத்து இல்லாத இடம். நெபெல் எப்படியோ பேசி, வருஷ வாடகை பத்து மார்க் என்று முடித்துவிட்டார். 1930 செப்டம்பர் 27-இல் குடியேறி, வாசலில் 'ராக்கெட் விமான நிலையம், பெர்லின்' என்று பலகை மாட்டினார்கள்.

அது உலகப் பொருளாதார நெருக்கடிக் காலம். கைத்தொழில் தெரிந்தவர்கள் வேலையில்லாமல் திரிந்தார்கள். தங்க இடம் தருகிறோம், பதிலுக்கு வேலை செய்து கொடுங்கள் என்று சங்கம் அவர்களை அழைத்தது. தகரவேலைக்காரர், மின்வேலைக்காரர், வரைபடக்காரர், மெக்கானிக் என்று ஒவ்வொருவராக வந்து அந்தக் கிடங்குக் கட்டடங்களில் குடியேறினார்கள். சாப்பாட்டுக்கு அரசு தரும் வேலையற்றோர் உதவித்தொகை. என் அனுபவத்தில், பட்டறைக்கு இயந்திரம் கிடைப்பது எளிது, கை கிடைப்பதுதான் கஷ்டம். அந்த நெருக்கடி இவர்களுக்கு நல்ல கைகளைக் கொண்டுவந்து சேர்த்தது.

சாமான் சேர்ப்பதில் நெபெல் மன்னன். ஃபான் பிரவுன் சொல்லும் ஒரு சம்பவம். சீமன்ஸ் நிறுவன இயக்குநர் ஒருவரைச் சந்தித்து, விண்வெளிப் பயணத்தைப் பற்றி மனம் உருகப் பேசி, நிறைய வெல்டிங் கம்பியை நெபெல் இனாமாக வாங்கி வந்தார். அவ்வளவு கம்பி சங்கத்துக்குத் தேவையில்லை. அதை ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து, விலைக்குப் பதிலாகத் தேர்ந்த வெல்டர்களின் வேலையை வாங்கிக்கொண்டார். பணமே கைமாறவில்லை! பெரும்பாலான காரியங்கள் இப்படிப் பண்டமாற்றில்தான் நடந்தன.

மிராக் ஏன் வெடித்தது?

இனிக் கொஞ்சம் தொழில்நுட்பம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் செய்தது 'மிராக்', அதாவது மிகச் சிறிய ராக்கெட். பார்ப்பதற்கு நம் தீபாவளி ராக்கெட் மாதிரியே இருக்கும். தலையில் ஒரு குப்பி, கீழே நீண்ட குச்சி. குப்பிக்குள் திரவ ஆக்சிஜன். குச்சி என்பது அலுமினியக் குழாய், அதில் பெட்ரோல். பெட்ரோலை மேலே தள்ள, சோடா தயாரிக்கப் பயன்படும் கரியமில வாயுக் குப்பி ஒன்றைப் பொருத்தினார்கள். ஆக்சிஜனுக்கு அது வேண்டாம். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவம் என்பதால் தானே ஆவியாகித் தானே அழுத்தம் உண்டாக்கிக்கொள்ளும்.

எரி அறையை எங்கே வைப்பது? ஆக்சிஜன் குப்பியின் அடியிலேயே வைத்தார்கள். இவ்வளவு குளிர்ந்த திரவம் சுற்றிலும் இருக்கும்போது எரி அறை உருகாது அல்லவா? யோசனை பிரமாதம். ஆனால் அந்தச் சூட்டில் ஆக்சிஜன் வேகமாகக் கொதித்து, அழுத்தம் எகிறி, 1930 செப்டம்பரில் குப்பி வெடித்தது. இரண்டாவது மிராக்கும் 1931-இல் அதே கதியை அடைந்தது. குளிர்விக்க வைத்த பொருளே கொதிகலனாகிவிட்டது.

பிறகுதான் வழி தெரிந்தது. எரி அறையைத் தனியே பிரித்து, அலுமினியக் கலவையில் முட்டை வடிவில் செய்து, அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்படி ஓர் உறை போட்டார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தீயின் வெப்பமோ அதைப்போலச் சில மடங்கு. எப்படித் தாங்கும்? சுவர் மெல்லியதாக இருந்ததால் சூடு அங்கே தங்காமல் உடனே தண்ணீருக்குப் போனது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கினாலும் வெப்பநிலை ஓர் அளவுக்கு மேல் ஏறாது. பேப்பர் கோப்பையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் காட்டினால் கோப்பை எரிவதில்லையே, அதே தத்துவம். எஞ்சின் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகவே எரிந்தால் போதும் என்பதால் அந்தத் தண்ணீரே போதுமானது. கனத்த சுவர்தான் பத்திரம் என்று நினைக்கும் பட்டறைக்காரனுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

1931 மே 10-ஆம் தேதி சோதனைக்காக நிறுத்தியிருந்த ராக்கெட் ஒன்று தானாகக் கிளம்பி 18 மீட்டர் ஏறிவிட்டது. நான்கு நாள் கழித்து முறைப்படி விட்டபோது 60 மீட்டர். லாஸ்விட்ஸ் எழுதிய செவ்வாய் கிரக நாவலில் வரும் கலத்தை நினைவில் வைத்து வில்லி லே இதற்கு 'ரிபல்சர்' என்று பெயரிட்டார். ஐரோப்பாவில் முதலில் பறந்தது விங்க்லர் தனியாகச் செய்து மார்ச் 14-இல் விட்ட ராக்கெட். சங்கம் இரண்டு மாதம் பிந்திவிட்டது.

ரிபல்சரில் எஞ்சின் இருந்தது உச்சியில். பெட்ரோலும் ஆக்சிஜனும் அதன் கீழே இரண்டு நீண்ட குழாய்களில், இரண்டு கால்கள் போல. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதைவிட மாடு முன்னாலிருந்து இழுத்தால்தான் நேராகப் போகும் என்ற எண்ணம். கொடார்டும் 1926-இல் இப்படித்தான் நினைத்தார். மாட்டு வண்டிக்கு இது சரி. வண்டி எப்படி ஆடினாலும் மாடு தன் திசையில் நடக்கும். ராக்கெட்டிலோ எஞ்சின் உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டது. உடல் சாய்ந்தால் உந்துவிசையும் கூடவே சாயும். எஞ்சினை உச்சியில் வைத்தாலும் வாலில் வைத்தாலும் நிமிர்த்தும் விசை தானாக வராது. தீபாவளி ராக்கெட்டின் குச்சி உதவுவது எப்படி என்றால், காற்று வால்பக்கத்தில் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்தப் பிழையால் ரிபல்சர்கள் வானத்தில் குட்டிக்கரணம் போட்டன. ஒன்று சாலையைத் தாண்டிப் போலீசாரின் பழைய கொட்டகை மேல் விழுந்து அதைக் கொளுத்திவிட்டது. போலீஸ் தடை போட்டது. நெபெல் பேசிச் சமாளித்தார்.

ஆனாலும் முன்னேற்றம் வேகமாகவே வந்தது. மூன்றாம் ரிபல்சரில் பாரசூட் சீக்கிரமே விரிந்து கிழிந்தது. அடுத்ததில் இரண்டு குழாய்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒற்றைக் குச்சியாக்கினார்கள். 1931 ஆகஸ்டில் அது சுமார் ஒரு கிலோமீட்டர் உயரம் போனது. வில்லி லே தரும் கணக்குப்படி அந்த நிலையத்தில் ராக்கெட் ஏவியது 87 முறை. தரையில் கட்டிவைத்து எஞ்சினை இயக்கிப் பார்த்தது 270 முறை. என்னைக் கேட்டால் இரண்டாவது எண்தான் முக்கியம். பறக்கவிட்டு உடைப்பதைவிடக் கட்டிவைத்து அளப்பதில்தான் அறிவு வளரும் என்பதை அவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

சிவில் உடையில் வந்த மூன்று பேர்

1932 வசந்த காலத்தில் மூன்று பேர் சாதாரண உடையில் நிலையத்தைப் பார்க்க வந்தார்கள். மூவரும் ராணுவ அதிகாரிகள். முதல் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி பெரிய பீரங்கி வைத்துக்கொள்ளத் தடை போட்டிருந்தது. ஒப்பந்தத்தில் ராக்கெட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர்களுடைய அக்கறைக்குக் காரணம் அதுதான்.

கும்மர்ஸ்டார்ஃப் ராணுவத் திடலில் ஒரு ராக்கெட்டை வெற்றிகரமாக விட்டுக் காட்டினால் 1,367 மார்க் தருவதாக ஒப்பந்தம். அந்தக் கோடையில் ராக்கெட்டை எடுத்துப்போய் ஏவினார்கள். கொஞ்ச உயரம் போனதும் சாய்ந்து, பாரசூட் விரியும் முன்பே கீழே விழுந்து நொறுங்கியது. கதை கந்தல். அளவுக் குறிப்புகள் எங்கே, அழுத்தக் கணக்கு எங்கே, எரிபொருள் செலவு எவ்வளவு என்று ராணுவம் கேட்டது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவதைவிட்டு, எங்கள் வேலிக்குள் வந்து ரகசியமாக வேலை செய்தால் பணம் தருகிறோம் என்றது. நெபெலுக்கு அந்த நிபந்தனை பிடிக்கவில்லை. ஃபான் பிரவுன் ஒப்புக்கொண்டார். 1932 முடிவதற்குள் 20 வயதில் அவர் ராணுவத்தின் பணியில் சேர்ந்தார்.

இந்த முடிவைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தொழில்நுட்பக் கண்ணால் பார்த்தால் ராணுவம் கேட்ட கேள்விகள் நியாயமானவை. சங்கத்தில் குறிப்பெடுக்கும் ஒழுங்கு போதவில்லை. நல்ல அளவுக் கருவிகள் வாங்கப் பணமும் இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்குக் கொடுத்த விலை என்ன? கும்மர்ஸ்டார்ஃபில் தொடங்கிய வேலை 1937-இல் பீனமுண்டேக்குப் போனது. 1942 அக்டோபர் 3-இல் வி-2 ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. 1944 செப்டம்பரிலிருந்து அது லண்டன் மேல் விழுந்தது. அதைத் தயாரித்த மிட்டல்பாவ்-டோரா முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் செத்துப்போனார்கள். வி-2 விழுந்து இறந்தவர்களைவிட அதைச் செய்யும் இடத்தில் இறந்தவர்கள் அதிகம். வேலையற்ற மெக்கானிக்குக்குத் தங்க இடம் கொடுத்து, உழைப்பைக் கேட்டு வாங்கிய ஒரு சங்கத்தில் பிறந்த தொழில் அது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

தண்ணீர் பில்

சங்கம் எப்படி முடிந்தது? 1933-இல் மாக்டெபர்க் நகராட்சியின் உதவியோடு ஆளை ஏற்றிப்போகும் ராக்கெட் செய்ய நெபெல் முயன்றார். அது உருப்படவில்லை. அதே ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் தனியார் கையில் ராக்கெட் இருப்பதை அரசு விரும்பவில்லை. ரகசியப் போலீஸ் வந்து குடைந்தது. கடைசி அடியாக வந்தது தண்ணீர் பில். வில்லி லே எழுதியிருப்பதன்படி, அந்தப் பழைய கட்டடங்களில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்களுக்கெல்லாம் சேர்த்து 1,600 மார்க் கட்டச் சொன்னார்களாம். வருஷ வாடகை பத்து மார்க் உள்ள இடத்துக்கு 1,600 மார்க் தண்ணீர் வரி! கட்ட வழியில்லை. 1934 தொடக்கத்தில் இடமும் போயிற்று, சங்கமும் போயிற்று.

வில்லி லே 1935-இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ரீடல் பின்னாளில் பீனமுண்டேயில் சேர்ந்தார். போர் ஆயுதத்தைவிட விண்வெளிப் பயணத்தில்தான் நாட்டம் என்று பேசியதாக 1944 மார்ச்சில் ரகசியப் போலீஸ் அவரையும் ஃபான் பிரவுனையும் கைது செய்து பிறகு விட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கார் விபத்தில் ரீடல் இறந்தார். நிலையம் இருந்த வட்டாரத்தில் பின்னர் பெர்லினின் டேகல் விமான நிலையம் எழுந்தது. அதுவும் 2020 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது.

மிஞ்சியது என்ன?

ரகசிய வேலிக்குள் போனது ஒரு கிளை. திறந்த வாசல் வழியே போன இன்னொரு கிளையும் உண்டு. 1931 ஏப்ரலில் பெண்ட்ரே என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மனைவியோடு பெர்லினுக்கு வந்தார். நியூயார்க்கில் முந்தைய ஆண்டு தொடங்கிய ஒரு சங்கத்தின் உறுப்பினர் அவர். சங்கத்தார் எஞ்சினை இயக்கிக் காட்டி, கேட்டதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அதை வைத்து நியூயார்க்காரர்கள் தங்கள் முதல் ராக்கெட்டை வடிவமைத்தார்கள். அவர்களுடைய இரண்டாவது ராக்கெட் 1933 மே 14-இல் பறந்தது. அந்தச் சங்கம்தான் பின்னாளில் அமெரிக்க ராக்கெட் சங்கமாக வளர்ந்தது.

நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது; அது வேலிக்குள் போன கிளை வழியாக வந்தது. போருக்குப் பின் பீனமுண்டே பொறியாளர்கள் சிலர் பிரான்சின் வெர்னான் நகரத்தில் வேலைக்கு அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான கார்ல்-ஹைன்ஸ் பிரிங்கருக்கு 'வைக்கிங்' எஞ்சினின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு உண்டு. 1974-இல் இஸ்ரோ செய்த உடன்பாட்டின்படி நம் பொறியாளர்கள் வெர்னானுக்குப் போய் அந்த எஞ்சினைக் கற்றுக்கொண்டார்கள். குழுவை நடத்தியவர் நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன். அதுவே நம் 'விகாஸ்' எஞ்சின். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தை உந்துவது அது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் அந்த எஞ்சினைத் தரையில் கட்டிவைத்து இயக்கி அளந்து பார்க்கிறார்கள். ரைனிக்கன்டார்ஃப் கிடங்கில் 270 முறை நடந்த அதே வேலை.

சங்கம் நடத்துகிற நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆர்வமும் கைத்திறனும் எங்கே வேண்டுமானாலும் முளைத்துவிடுகின்றன. அவற்றுக்கு இடம் கொடுப்பது யார், பில் கட்டுவது யார் என்பதைப் பொறுத்து அவை போகிற திசை மாறுகிறது. அன்றைக்கு பெர்லின் நகரத்தில் யாரோ நான்கு பேர் சேர்ந்து அந்த 1,600 மார்க்கைக் கட்டியிருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஹிட்லர் ஆட்சி அதை விட்டுவைத்திருக்காது. ஆனால் நம் காலத்தில், நம் ஊரில், பள்ளிக்கூடப் பையனோ பெண்ணோ ஒரு காரியத்தைச் செய்து பார்க்க நாலு ஸ்பானரும் ஒரு பழைய கொட்டகையும் கேட்டால் கொடுப்பதற்குச் சங்கம் என்று ஒன்று இருக்க வேண்டும். குழாய் ஒழுகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.